முப்பத்தொரு பச்சை வட்டங்கள்

குழந்தையின் காதில் நுழைப்பதற்கு முன், பட்டாணி அளவு நுனியுள்ள அந்தக் கறுப்புக் கூம்பை ஜலஜாட்சி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு முப்பது வரை எண்ணுகிறார். எண்ணுவது வாய்விட்டு. இருபதை நெருங்கும்போது எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையும் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிடும். எண்ணத் தெரியாத குழந்தை தலையையாவது ஆட்டும். மலைநாட்டு மழைக்காலத்தில் பிளாஸ்டிக்கும் கல்லைப் போலக் குளிர்ந்து கிடக்கும். அடுப்பில் பால் இருக்கிறது என்று அவசரப்படும் தாய்மார்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றே.

“பச்சத் தண்ணிய உன் முதுகுல ஊத்தினா நீ சும்மா உக்காந்திருப்பியா மாராய்தி? கொழந்தைக்கும் அப்படித்தான். கொஞ்சம் பொறு, சூடாகட்டும்.”

‘மாராய்தி’ என்பது இந்தப் பகுதியில் பெண்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சொல். கோபத்துக்கும் அதுவே, கொஞ்சலுக்கும் அதுவே. மருமகளையும் மாவட்ட அதிகாரியையும் ஜலஜாட்சி ஒரே குரலில் ‘மாராய்தி’ என்றுதான் அழைப்பார்.

தாலூகா மருத்துவமனையின் காதுப் பிரிவில் அவர் பணியாளர். வயது நாற்பத்தாறு. மெலிந்த உடல், தோளில் எப்போதும் ஒரு நீலப்பை. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பக்கத்து அங்கன்வாடிகளுக்குப் பேருந்தில் வருவார். பைக்குள் பேனாவைப் போன்ற ஒரு கருவி இருக்கும். அதன் நுனியில் கடுகளவு விளக்கும் கடுகளவு கண்ணும் உண்டு. மறுநுனியிலிருந்து புறப்படும் கம்பி அவருடைய கைப்பேசியில் முடியும். கூம்பைக் காதில் வைத்ததும் திரை முழுவதும் செவிப்பறை நிலவைப் போல எழும். படம் பிடித்தவுடன் கைப்பேசியே அதை ஆராய்ந்து, ஓரத்தில் ஒரு வட்டத்தைக் காட்டும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் ஐயம். சிவப்பு என்றால் நோய். மஞ்சளும் சிவப்பும் மட்டும் நகரத்தில் இருக்கும் டாக்டர் இர்ஷாத்தின் பார்வைக்குப் போகும். பச்சை எங்கும் போகாது. ஜலஜாட்சியின் கையெழுத்தோடு ஒரு தாளாகி வீட்டுக்குப் போய்விடும்.

வட்டம் வருவதற்கு முன்பே அவர் தம் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சமையலறைத் தீர்ப்பாக இருக்கும். நலமான செவிப்பறை அவருக்கு நீர்தோசை. “நல்லா மெலிசா இருக்கு பாரு, அந்தப் பக்கத்து எலும்புகூடத் தெரியுது. சரியான நீர்தோச!” சீழ் கோத்துப் புடைத்திருந்தால் பூரி. பின்னால் நீர் தேங்கிப் பழுப்பேறியிருந்தால் தேன். துளை விழுந்திருந்தால், “தோச கல்லுல ஒட்டிக்கிச்சு.” பணியில் சேர்ந்த புதிதில் இவற்றையே குறிப்பேட்டிலும் எழுதி அனுப்பிவிட்டார். டாக்டர் இர்ஷாத் தொலைபேசியில் அழைத்து, “ஜலஜாட்சி, வலது நீர்தோச, இடது பூரின்னு எழுதியிருக்கீங்க. நான் இன்னும் காலையில ஒண்ணும் சாப்பிடலம்மா” என்றாராம். அன்றிலிருந்து குறிப்பேட்டில் மருத்துவச் சொற்கள் ஏறின. வாயில் தோசையே நிலைத்தது.

காதுவலியைப் பற்றி அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. வலிக்கும் காதைக் கண்டு அவர் அஞ்சுவதில்லை. “வலிச்சா அழும். அழுதா வீடே எழுந்துக்கும். அது நல்ல காது. வலிக்காம உள்ள தண்ணி கட்டிக்கிது பாரு, அதுதான் திருட்டுக் காது.” சளி பிடித்த குழந்தையின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிட்டால் காய்ச்சல் இராது, அழுகை இராது. குழந்தைக்குப் பாதிதான் கேட்கும். கேளாத குழந்தை, சொல் கேளாத குழந்தை என்று பெயர் வாங்கும்.

ஆகவே, அவருக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. யாரையும் பின்னாலிருந்துதான் அழைப்பார், அதுவும் கிசுகிசுப்பாக. கடைக்காரர், நடத்துநர், கோயில் பூசகர் என எவரும் தப்புவதில்லை. திரும்பினால் நிறைவோடு தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். சொல்வதற்கு வேறொன்றும் இருக்காது. முகங்களை மறப்பார், காதுகளை மறக்கமாட்டார். சென்ற ஆண்டு ஒரு திருமணப் பந்தலில், மாப்பிள்ளை வீட்டார் சூழ அமர்ந்திருந்த மணப்பெண்ணை உற்றுப் பார்த்து, “அடி, நீயா! உன் எடது காதுலேர்ந்துதான முழுசா ஒரு மொளகு எடுத்தேன்!” என்று கூவிவிட்டார். மாமியார் ஆகவிருந்தவர் அந்தக் காதைச் சற்றுநேரம் கூர்ந்து பார்த்தார். காதுகளிலிருந்து எடுத்த மிளகு, பாசிமணி, பலப்பத்துண்டு, பாக்குச் சீவல் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். அவருடைய கணவர் வாசுதேவர் அஞ்சலகத்தில் பணிபுரிகிறார். “ஊர்க்காது எல்லாம் பாத்தாச்சு. நான் சொல்றது மட்டும் அவ காதுல விழாது” என்பது அவருடைய நிரந்தர முறையீடு.

நான் மணமாகி ஹொசகொப்பம் என்னும் இந்த ஊருக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கன்வாடியில் ஜலஜாட்சி காதைப் பார்க்கும் நாட்களில் பெயர்ப் பதிவேட்டை எழுதுவது என் பொறுப்பு. அதனால்தான் கீழே சொல்லப்போகும் பிழையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ஆண்டு தீபாவளியும் குழந்தைகள் நாளும் ஒட்டி வந்தன. குழந்தைகள் நாளன்று எல்லா அங்கன்வாடிகளிலும் காதுப் பரிசோதனை நடக்கவேண்டும் என்று மாவட்ட அலுவலகம் நாள் குறித்தது. எண்ணெய்க் குளியலுக்கு மூன்றாம் நாள் அது. புத்தாடையும் புதுப்பொட்டுமாக முப்பத்தொரு குழந்தைகள் வந்தனர். கூம்பை வைப்பதற்கு முன் ஒவ்வொரு தாயிடமும் ஜலஜாட்சி கேட்டார்.

“காதுல எண்ண விட்டியா?”

“ஐயோ, இல்லக்கா! வலியே இல்லையே, எதுக்கு விடப்போறேன்?”

“இல்லக்கா. நீங்க போன தடவ திட்டினதுலேர்ந்து பூண்டெண்ண பக்கமே போறதில்ல.”

‘எண்ணெய்’ என்னும் கட்டத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று நான் முப்பத்தொரு முறை எழுதினேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் எண்ணெய்க் குளியலன்று உச்சியில் ஒரு கை, தொப்புளில் ஒரு துளி, காதுக்கு இரண்டிரண்டு சொட்டு என்று வைப்பது வழக்கம். அது சாத்திரம். சாத்திரத்துக்கு விட்ட சொட்டை எவரும் எண்ணெய் என்று எண்ணுவதில்லை. வலிக்கு விடுவதுதான் எண்ணெய். எனக்கும் அன்று அது தோன்றவில்லை.

திரையில் ஒவ்வொரு செவிப்பறையும் பளபளத்தது. ஒவ்வொன்றிலும் அழகான வெளிச்சப்புள்ளி. வட்டம் பச்சை, மீண்டும் பச்சை, மீண்டும் பச்சை. அங்கன்வாடி ஆசிரியை புஷ்பாவதி பூரித்துப்போனார்.

“என்ன ராசிக்கா நம்ம ஊருக்கு! ஒரு மஞ்சள்கூட இல்லயே!”

“காத்து நல்ல காத்து, மாராய்தி,” என்றார் ஜலஜாட்சி. ஆனாலும் அவருடைய புருவம் சற்றே உயர்ந்திருந்தது. சளிக்காலத்தில் முப்பத்தொரு குழந்தைகளில் ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருப்பது அவர் அனுபவத்தில் இல்லை. எனினும் வரிசை நீளமாக இருந்தது, பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. முப்பத்தொரு தாள்களிலும் கையெழுத்திட்டார்.

பிழை நீர்மூழ்கியைப் போல மூன்று மாதங்கள் அடியிலேயே கிடந்தது. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் ஊரைச் சொல்லி அவருக்குக் கைதட்டினார்கள்.

பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். அங்கன்வாடிக்கு அடுத்த கொட்டகையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் பொருத்திய அரிவாளில் காயை அழுத்தினால் மட்டை ஒரு பக்கம், பாக்கு ஒரு பக்கம். கை அதன்பாட்டுக்கு ஓடும். பேச்சு இன்னும் வேகமாக ஓடும். பேருந்துக்காகக் காத்திருந்த ஜலஜாட்சியும் நானும் ஓரமாக அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைய பேச்சு கலாவதியைச் சுற்றியிருந்தது. கலாவதியின் கணவர் ஹூவப்பா பாக்கு மரமேறி. அவர்களுக்கு ஒரே மகள் சிஞ்சனா. ஆறு வயது நிரம்பவில்லை.

“திங்கக்கெழம கூட்டிட்டுப் போறோம்,” என்றார் கலாவதி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “நகரத்துல விடுதியோட இருக்கிற பள்ளிக்கூடம். மூள வளராத பசங்களுக்குன்னே இருக்காம். அங்கயே தங்கணும். வருசத்துக்கு ரெண்டு தடவ பாக்கலாம்.”

“அந்தப் புள்ளைக்கு என்னடி கொற? கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“கண்ணு இருக்கு. கூப்பிட்டா வரணுமே. பாட்டு சொல்லிக்குடுத்தா பேந்தப் பேந்த முழிக்கிறா. பேச்சும் கொழகொழன்னு போயிடுச்சு. புஷ்பாவதி டீச்சரே சொல்லிட்டாங்க. மொதல்ல காதுல கோளாறோன்னுதான் நெனச்சோம். அந்தப் பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் கேட்டாங்க. பச்சத் தாள இவரு காட்டினாரு. காது நல்லாருக்குன்னா அப்ப மூளதான்னு சொல்லிட்டாங்க.”

ஜலஜாட்சியின் காப்பி பாதி வழியில் நின்றது.

“காது நல்லாத்தான் இருந்தது. நானே பாத்தேன்,” என்றார். குரலில் சற்று விறைப்பு இருந்தது.

“அதத்தாங்க்கா நானும் சொல்றேன்,” என்றார் கலாவதி. அதில் குத்தல் இல்லை. இல்லாததுதான் குத்தியது.

சிஞ்சனா தாயின் முதுகுக்கு அருகே அமர்ந்து, உரித்த மட்டைகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியது, அடுத்தது, சிறியது. பிறழாத வரிசை. ஜலஜாட்சி எழுந்துபோய்ச் சிறுமியின் பின்னால் குந்தினார்.

“சிஞ்சனா, வெல்லக்கட்டி வேணுமா?”

அது கிசுகிசுப்பு அன்று, சாதாரணப் பேச்சுக்குரல். கொட்டகையின் மறுமுனையில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகள் “எனக்கு, எனக்கு!” என்று ஓடி வந்தார்கள். கையெட்டும் தூரத்திலிருந்த சிஞ்சனா திரும்பவில்லை. ஓடி வந்தவர்களைக் கண்ட பிறகே நிமிர்ந்து, அவர்கள் பார்வை போன திசையைப் பார்த்து, கடைசியில் ஜலஜாட்சியின் வாயைப் பார்த்தாள்.

பெண்கள் சிரித்தார்கள். ஜலஜாட்சி சிரிக்கவில்லை. வாக்களித்த வெல்லக்கட்டிகளைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, கைப்பேசியைத் திறந்தார். குழந்தைகள் நாள் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன. சிஞ்சனாவின் வலக்காது, சிஞ்சனாவின் இடக்காது, அடுத்த குழந்தையின் வலக்காது. பத்துப் பன்னிரண்டு படங்கள் போனபின் அவருடைய கட்டைவிரல் நின்றது; பிறகு கடைசிப் படம்வரை வேகமாக ஓடியது.

“அம்மா, இங்க பாருங்க.”

எனக்கு எல்லாம் ஒரே நிலவாகத்தான் தெரிந்தது.

“நல்ல காதுல வெளிச்சம் எங்க விழும்? வலது காதா இருந்தா கடிகாரத்துல அஞ்சு மணி எடத்துல. எடதுன்னா ஏழு மணி. ரெண்டும் மூக்குப் பக்கமாச் சாஞ்சிருக்கும். கண்ண மூடிக்கிட்டு எந்தக் காதுன்னு சொல்லிடுவேன்னு பெரும பேசுவேனே, அது இத வச்சுத்தான். இப்ப இதப் பாருங்க. வலதும் ஆறு மணி. எடதும் ஆறு மணி. இந்தப் புள்ளைக்கும் ஆறு, அந்தப் புள்ளைக்கும் ஆறு. முப்பத்தொரு புள்ளைங்களுக்கும் நடு அடியில வெளிச்சம்.”

“அப்படியென்றால்?”

“இது தோலோட வெளிச்சம் இல்லம்மா. அடியில ஏதோ தேங்கி நின்னு மினுக்கியிருக்கு.” சட்டென்று அவருடைய கை தம் காதுக்கே போயிற்று. “எண்ண! எண்ணக் குளியலுக்கு மூணாம் நாளு! ரெண்டு சொட்டு... ஐயோ, நானும்தான விட்டேன். என் காதுலயும் விட்டேன், அவரு காதுலயும் விட்டேன். விட்டுட்டு வந்து, ‘எண்ண விட்டியா, எண்ண விட்டியா’ன்னு ஊரையெல்லாம் கேட்டிருக்கேன்!”

கைப்பேசிக்கு எங்கள் ஊர் எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பளபளப்பைக் கண்டது, பச்சை காட்டியது. அதைக் குறைசொல்ல ஜலஜாட்சி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்.

“கலாவதி, அரிவாள மடக்கு. உன் வீட்டுக்குப் போறோம்.”

ஹூவப்பாவின் வீடு பாக்குத்தோட்டத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. அப்போதுதான் அவர் மரத்திலிருந்து இறங்கி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அகன்ற தோள், குறைந்த பேச்சு. மகளின் காதை மறுபடியும் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் உள்ளே போய், கண்ணாடித்தாள் உறையிட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். மகளின் பச்சை வட்டத்தாள் அது. விடுதிப்பள்ளியின் விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

ஜலஜாட்சி அதைத் தொடவில்லை. சிஞ்சனாவைத் தாயின் மடியில் உட்காரவைத்து, கூம்பை உள்ளங்கையில் மூடி, முப்பது வரை எண்ணினார். அன்று உடன் எண்ணுவதற்குக் குழந்தையின் குரல் சேரவில்லை. திரையில் செவிப்பறை எழுந்தது. மூன்று மாதங்களில் எண்ணெய் காய்ந்து போயிருந்தது. மறைப்பதற்கு இப்போது ஒன்றும் இல்லை. பறை மங்கலாக, உள்நோக்கி இழுபட்டு, பழுப்புத் தேன் நிறத்தில் இருந்தது. தேனுக்குள் மூன்று குமிழ்கள். ஐந்து மணியிலும் வெளிச்சம் இல்லை, ஆறு மணியிலும் இல்லை. மறுகாதும் அவ்வாறே. வட்டம் மஞ்சளாயிற்று.

ஹூவப்பா அதை எட்டிப் பார்த்தார்.

“போன தடவ பச்ச. இந்தத் தடவ மஞ்சள். தேர்த்திருவிழாவுக்கு வந்தா ஊதா காட்டுவீங்களா அக்கா?”

“கேளுங்க ஹூவண்ணா. கேக்கவேண்டியதுதான். போன தடவ தீவாளி எண்ண உள்ள நின்னு மினுக்கிச்சு, அத நல்ல காதுன்னு எடுத்துக்கிட்டேன்.”

“எத நம்பறது நான்? ஒரு மாசமா என் மனசத் தேத்திக்கிட்டு வந்திருக்கேன். புள்ளைக்கு மூளையில்லன்னு ஒரு அப்பன் தனக்குத்தானே சொல்லிக்கிறது லேசா? இப்ப வந்து, மூள இருக்கு, காதுதான் இல்லன்னா?”

“காதும் இருக்கு. அடச்சுக்கிட்டிருக்கு. சின்ன வயசுல ஷராவதி ஆத்துல முங்கியிருப்பீங்களே? முங்கிக்கிட்டு இருக்கும்போது கரையிலேர்ந்து யாராவது கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?”

“கூப்பிடறாங்கன்னு தெரியும். என்னன்னு தெரியாது.”

“இவ முங்கிக்கிட்டேதான் இருக்கா. மூணு மாசமா. அதுக்கு முன்னாலேர்ந்தும் இருக்கலாம். நீங்க எல்லாரும் கரையில நின்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கீங்க.”

ஹூவப்பா மகளைப் பார்த்தார். அவள் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் எங்கோ ஒரு பழுத்த ஓலைமட்டை விழுந்த ஓசை கேட்டது. எங்களில் நால்வர் தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. ஐந்தாவது தலை திரும்பவில்லை.

“எண்ண விட்டது நான்தான்,” என்றார் ஹூவப்பா, தரையைப் பார்த்தபடி. “தீவாளிக்கு நான்தான் இவளக் குளிப்பாட்டுவேன். என் கையால விட்டேன்.”

“நானும் என் கையால என் காதுல விட்டேன் அண்ணா. நம்ம ஊர்ல யாரு விடல? எண்ண பாவம், அது பாட்டுக்கு மினுக்கிச்சு. பாக்கவேண்டிய எடத்தப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னுது. இதுல உங்களுக்குப் பங்கு கெடையாது.” பிறகு, தம் இயல்பான குரலுக்குத் திரும்பி, “பங்கு கேட்டாலும் தரமாட்டேன்” என்றார்.

அங்கிருந்தபடியே டாக்டர் இர்ஷாத்தை அழைத்தார். படங்களை அனுப்பிவிட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். “ரெண்டு காதும் திரவம். மூணு மாசத்துக்கு மேலன்னா இனியும் காத்திருக்க வேண்டாம். திங்கக்கெழம காலையில கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கேக்கிற அளவையும் பாத்துடலாம்,” என்றது மறுமுனைக் குரல். பிறகு சற்றுத் தயங்கி, “முப்பத்தொண்ணும் பச்சன்னு கூட்டத்துல கைதட்டினப்ப நானும் கேட்டிருக்கணும் ஜலஜாட்சி” என்றது.

ஹூவப்பா விடுதிப்பள்ளியின் விண்ணப்பத்தை எடுத்தார். கிழிப்பாரோ என்று எண்ணினேன். கிழிக்கவில்லை. நான்காக மடித்து, விட்டத்தின் இடுக்கில் செருகினார்.

“திங்கக்கெழம வேலைக்கு வரலன்னு ஏற்கெனவே தோட்டத்துல சொல்லியாச்சு. எங்கயாவது போயாகணும். உங்க டாக்டர்கிட்டயே போறேன்.” எங்களுக்குக் காப்பி கொண்டுவரும்படி கலாவதிக்குக் கண்ணைக் காட்டினார். “ஆனா ஒண்ணுக்கா. இந்தத் தடவ நீங்க சொன்னதுக்காகத்தான் போறேன். அந்த மிஷின் சொன்னதுக்காக இல்ல.”

சிஞ்சனாவுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையேல் படிப்பவர் மனம் அதிலேயே நிற்கும். மார்ச் மாதத்தில் இரண்டு செவிப்பறைகளிலும் எள்ளளவு குழாய் வைத்து, தேங்கியதை வெளியேற்றினார்கள். திரும்பி வந்த பேருந்தில் அவள் வழிநெடுக இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, ‘இந்த வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது’ என்று சண்டையிட்டாளாம். ஜூன் மாதத்தில் உள்ளூர்ப் பள்ளியிலேயே முதல் வகுப்பில் சேர்ந்தாள். சில சொற்கள் இன்னும் குழைகின்றன. புஷ்பாவதி மாலைகளில் அவளைத் தம் அருகே அமர்த்திப் பேச வைக்கிறார்; அதை ஒரு பிராயச்சித்தம் போலவே செய்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். ஹூவப்பாவின் வீட்டிலிருந்து நாங்கள் சாலைக்கு இறங்கும்போது வெயில் இன்னும் மரநுனிகளில் இருந்தது. ஜலஜாட்சி நீலப்பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார். சரியாக அந்நேரம் தாலூகாவுக்குப் போகும் பேருந்து வளைவில் திரும்பி எங்கள் முன் நின்றது. அடுத்த பேருந்து வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

நடத்துநர் தலையை நீட்டினார். “ஏறுங்கக்கா! இன்னிக்குப் பின்னாலேர்ந்து கூப்பிடலையா?”

ஜலஜாட்சி என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, பேரு எழுதின புஸ்தகத்தக் குடுங்க.”

கையோடு வைத்திருந்த பதிவேட்டைக் கொடுத்தேன். குழந்தைகள் நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தார். ‘இல்லை’, ‘இல்லை’ என்று நான் எழுதியிருந்த பத்தியின்மேல் அவருடைய விரல் மெல்ல இறங்கிற்று. பேனாவைக் கேட்டார். சிஞ்சனாவின் பெயருக்கு எதிரே ஒரு கோடிட்டார். மற்ற முப்பது பெயர்களையும் ஒருமுறை கீழ்வரை பார்த்தார். முதற்பெயருக்குரிய வீடு சாலைக்கு எதிர்ப்புறத்தில், ஏற்றத்தின்மேல் இருந்தது.

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேருந்தின் தகரத்தை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். வண்டி அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது.